வில் அம்பை வீட்ல வெச்சுட்டு வாங்க: நீலகிரில மானைக் கிட்டத்துல பாக்க புதுசா வர்றவங்களுக்கு

அமெரிக்காக்காரன் மரத்துமேல பரண் கட்டி உக்காந்து, கப்பி வெச்ச காம்பவுண்ட் வில்லை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மானுக்காகக் காத்துக் கெடக்குற வீடியோவ பாத்துட்டு, "அண்ணா, நம்ம ஊட்டி பக்கம் இதுக்கு லைசன்ஸ் எங்க வாங்குறது"ன்னு கேக்குற தம்பிங்க இப்ப ஜாஸ்தி. கிடையாது. எங்கயும் கிடையாது, எந்த ஆபீஸ்லயும் கிடையாது. அங்க ஒவ்வொரு மாநிலமும் சீசன் போட்டு, லைசன்ஸ் வித்து, ஆளுக்கு இத்தனை மான்னு டேக் குடுக்குது, அது அவங்க கதை. ஆனா அந்த வில் வேட்டைக்காரங்க அம்பு விடுறதுக்கு முன்னாடி செய்யுறது எல்லாமே, அதாவது காத்து பாக்குறது, வாசனை மறைக்கிறது, அசையாம உக்கார்றது, இது பூராவும் கேமராவுக்கும் பைனாகுலருக்கும் அப்படியே செல்லும். வில்லுக்கு மான் 20, 30 கஜத்துக்குள்ள வரணும். அந்த தூரத்துல கேளையாடுங்குற மானை நின்னு பாக்குறதுக்கு நீலகிரில சட்டப்படி வழி இருக்கு, அதுக்கு என்ன பேப்பர், எவ்வளவு பணம், எந்த நேரம்னு யாரும் ஒரே இடத்துல எழுதி வெக்கல, நான் ஒவ்வொரு கவுன்ட்டரா அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை இங்க போடுறேன்.

இன்னொன்னையும் முதல்லயே சொல்லிடறேன். சஃபாரி வேன்ல பாக்குற மான் முக்கால்வாசி அதிர்ஷ்டம். தேயிலைத் தோட்டத்து ஓரமா உக்காந்து பாக்குற மான் முக்கால்வாசி திறமை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க, செலவும் வேற, தயாரிப்பும் வேற.

1. சட்டத்தை முடிச்சுட்டு மத்ததுக்கு வாங்க

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல ஆயுதம்னா துப்பாக்கி மட்டும் இல்ல, வில், அம்பு, கத்தி, வலை, கண்ணி எல்லாம் பேர் சொல்லி எழுதியிருக்கு, மிருகத்தை ஏமாத்தி இழுக்குற கருவியும் அதுல சேத்தி. ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள நுழையவே எழுத்துல அனுமதி வேணும். அதனால கோயமுத்தூர்ல வில்வித்தை கிளாஸ் போறவங்க, டிக்கில வில்லைப் போட்டுக்கிட்டு அப்படியே முதுமலை சரணாலயம் வழியா மைசூர் போலாம்னு கிளம்பாதீங்க. "நான் டார்கெட்டுக்கு மட்டும்தாங்க அடிப்பேன்"னு செக்போஸ்ட்ல நின்னு வெளக்கம் சொல்ற நெலமை வேண்டாம்.

வேட்டைங்குற வார்த்தைக்கும் அந்தச் சட்டத்துல அர்த்தம் பெருசு. கொல்றது மட்டுமில்ல, பிடிக்கிறது, விரட்டுறது, தீனி வெச்சு இழுக்குறது, இதுக்கு முயற்சி பண்றதும் வேட்டைதான். போட்டோவுக்குன்னு உப்பு, வாழைப்பழம் வெக்கிறது, புளூடூத் ஸ்பீக்கர்ல மான் சத்தம் போட்டு கூப்புடுறது, இதெல்லாம் யூடியூப்ல சாதாரணமா செய்யுறாங்க, இங்க செஞ்சா கேஸ். உதிர்ந்து கெடக்குற கொம்பும் அப்படித்தான். தரையில கெடக்குதே, யாருக்கு என்ன நஷ்டம்னு தோணும், தொடாதீங்க. கொம்போட பஸ் ஏறினா "கீழ கெடந்துச்சு"ங்குற பதிலை யாரும் நம்பமாட்டாங்க.

2. எந்த மான் எங்க இருக்கு

புள்ளிமான் பாக்கணும்னா கீழ முதுமலைல, தெப்பக்காடு, கார்குடி, மசினகுடி பக்கம். கூட்டம் கூட்டமா ரோட்டோரத்துலயே மேயும், இதுக்கு திறமையெல்லாம் வேண்டாம். கடமான், நம்ம பக்கம் மிளான்னும் சொல்லுவாங்க, மேல, மலை மடிப்புல அடர்ந்து நிக்கிற சோலைக்காட்டு ஓரங்கள்ல, அவலாஞ்சி மாதிரி இடங்கள்ல, விடியுறப்பவும் இருட்டுறப்பவும்தான் வெளிய வரும். கேளையாடு பேர்லதான் ஆடு, உண்மையில மான்தான், நாய் மாதிரி குரைக்கும். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் தேயிலைத் தோட்டம் சோலையைத் தொடுற ஓரங்கள்ல தனியா வரும், பெரும்பாலும் ஒத்தையாத்தான். சருகுமானை எதிர்பாத்து வராதீங்க, முயல் அளவு இருக்கும், ராத்திரிக்காரன். வெளிமான் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கத்து காஞ்ச வெட்டவெளில இருக்கு. வரையாடு மானே இல்ல, அது தனிக்கதை.

புதுசா வர்றவங்களுக்கு என் சிபாரிசு, ஒரு நாள் முதுமலைல புள்ளிமானைப் பாத்து கண்ணைப் பழக்கிட்டு, அப்புறம் ரெண்டு மூணு நாள் கேளையாட்டுக்கு உக்காருங்க.

3. பேப்பர் வேலை

இ-பாஸ்: 2024 மே 7ல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும். மொபைல் நம்பர், வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்க தங்குறீங்க, இவ்வளவுதான் கேக்கும். இலவசம், பணம் கேக்குற சைட் எதுவா இருந்தாலும் மூடிட்டு வெளிய வாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து கோடை சீசனுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்துச்சு, நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, அதனால மே மாசம் வர்றவங்க ரூமுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இ-பாஸ் போடுங்க, எல்லாரும் இதை மாத்திச் செஞ்சுதான் மேட்டுப்பாளையத்துல நிக்கிறாங்க. அரசு பஸ்ல வந்தா இந்தத் தொல்லையே இல்ல. டிஎன் 43 வண்டி வெச்சிருக்கிற உள்ளூர்க்காரங்களுக்கும் விதி வேற.

அடையாள அட்டை: ஆதார் ஒரிஜினல் ஒண்ணு, ஜெராக்ஸ் நாலு. சஃபாரி கவுன்ட்டர், ரூம், லென்ஸ் வாடகைக் கடை, தோட்ட ஆபீஸ், எல்லாரும் ஒண்ணு வாங்கி வெச்சுக்குவாங்க. மசினகுடில ஜெராக்ஸ் கடை தேடி காலைல ஆறு மணிக்கு அலையாதீங்க.

சஃபாரி: வனத்துறை வண்டி மட்டும்தான், தெப்பக்காட்டுல இருந்து காலை ட்ரிப், சாயங்கால ட்ரிப். கட்டணத்தையும் நேரத்தையும் புக் பண்ற அன்னைக்கே வனத்துறை பக்கத்துல பாத்துக்குங்க. கேமராவுக்குத் தனிக் காசு கேட்டா ரசீதை வாங்கி வெச்சுக்குங்க. பொழுதுபோக்குக்கு வேன்ல உக்காந்து எடுக்குறதுக்கு இவ்வளவு போதும். படம் புடிச்சு விக்கப் போறீங்க, ஷூட்டிங், ஆவணப்படம்னா கதை மாறிடும், சட்டத்தோட 28ஆவது பிரிவுல அனுமதி வாங்கணும், மனு, நோக்கம், ஆளுங்க லிஸ்ட், தேதின்னு மாசக்கணக்குல இழுக்கும். ட்ரோனை வீட்லயே விட்டுடுங்க.

தோட்ட அனுமதி: இதைத்தான் யாரும் சொல்றதில்ல. பெரிய எஸ்டேட்னா மேனேஜர்கிட்ட ஒரு பக்கத்துல கடுதாசி, யாரு, எந்தத் தேதி, எந்த ஃபீல்டு (தோட்டத்துல எந்தப் பகுதி), எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், கூட யாரு வர்றா, ஆதார் நகல். பதில் வர ஒரு வாரம் ஆகும், போன்ல கேட்டா "நேர்ல வாங்க"ம்பாங்க, நேர்ல போனா "லெட்டர் குடுங்க"ம்பாங்க, அதனால லெட்டரோடவே நேர்ல போங்க. சின்ன விவசாயிங்க தோட்டம்னா ஒரு டீயோட முடிஞ்சிடும், கோத்தகிரி பக்கம் படுகர் ஹட்டில (அவங்க ஊரை அப்படித்தான் சொல்லுவாங்க) யாராவது ஒருத்தரைத் தெரிஞ்சா போதும், ஆனா வாய்ப்பேச்சா இருந்தாலும் வாட்ச்மேனுக்கு ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க. அப்புறம் முக்கியமா, ஃபாரஸ்ட் எல்லைக் கல் எங்க இருக்குன்னு கூட்டிட்டுப் போய் காட்டச் சொல்லுங்க. தேயிலை முடிஞ்ச இடத்துல சோலை ஆரம்பிக்கும், பத்தடி உள்ள போய் உக்காந்தா படம் நல்லா வருமேன்னு ஆசை வரும். அந்த பத்தடி ரிசர்வ் ஃபாரஸ்ட்.

4. இதுல மாட்டிக்காதீங்க

ராத்திரி சஃபாரின்னு ஜீப்காரர் கூப்புட்டா போகாதீங்க. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது, ஸ்பாட்லைட் அடிச்சு மானைப் பாக்குறது நேரா வழக்குல போய் நிக்கும், மாட்டுனா ஜீப்காரர் ஜாமீன் எடுத்துட்டுப் போயிடுவாரு, உங்க கேமரா ஸ்டேஷன்ல இருக்கும். நான் தங்கின ஒரு லாட்ஜ்ல ரூமோட சஃபாரியும் கன்ஃபார்ம்னு சொல்லி காசு வாங்கிட்டு, காலைல கவுன்ட்டர்ல போய் பாத்தா என் பேர்ல ஒண்ணுமே இல்ல. ரசீதுல வனத்துறை பேர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அது சஃபாரி இல்ல.

பந்திப்பூர் பக்கம் ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் ரோடு மூடிடும், 2009ல இருந்தே அப்படித்தான். பெங்களூரு, மைசூர்ல இருந்து வர்றவங்க கணக்குப் போட்டு வாங்க. ஊட்டில இருந்து கல்லட்டி வழியா முதுமலைக்கு இறங்குனா தூரம் கம்மி, ஆனா 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டி இறங்க கட்டுப்பாடு இருக்கு, கூடலூர் சுத்திப் போறதுதான் நிம்மதி. முதுமலை ரோட்டுல வண்டிய நிறுத்தி இறங்குனா ஃபைன், மானுக்காக இறங்குறவன் பின்னாடி மூங்கில் புதர்ல ஆனை நிக்கிறதும் இங்க சகஜம். பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை செக்போஸ்ட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க, ஸ்டீல் பாட்டில் கொண்டாங்க.

5. காத்து

மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு, இதை ஒழுங்காப் படிச்சுட்டு மத்ததை வேணும்னா தாண்டிப் போங்க.

மானுக்கு உங்களைக் கண்ணால பாத்தா சந்தேகம்தான் வரும், நின்னு பாக்கும், காலைத் தட்டும். மூக்குல பட்டா சந்தேகமே கிடையாது, போயிடும், அன்னைக்கு மறுபடி வராது. அதனால எங்க உக்கார்றதுன்னு முடிவு பண்றது காத்துதான், வியூ இல்ல.

மலைல காத்து மணிக்கு ஏத்த மாதிரி திசை மாறும். ராத்திரி பூரா குளிர்ந்த காத்து கனமாகி சரிவுல கீழ இறங்கிக்கிட்டே இருக்கும், சோலை இருக்குற மடிப்புக்குள்ள தண்ணி ஓடுற மாதிரியே ஓடும். வெயில் சரிவுல பட்டு தரை சூடானதும் காத்து மேல ஏற ஆரம்பிக்கும். சாயங்காலம் நிழல் விழுந்ததும் மறுபடி கீழ. இப்ப நம்ம நீலகிரி அமைப்பை யோசிச்சுப் பாருங்க, சோலை பள்ளத்துல இருக்கு, தேயிலை மேட்டுல இருக்கு. புதுசா வர்றவங்க அத்தனை பேரும் மேட்டுல, தேயிலைக்குள்ள, சோலையைக் குனிஞ்சு பாத்த மாதிரி உக்காருவாங்க, ஏன்னா பார்வை நல்லா விழும். விடியக்காலைல அவங்க வாசனை பூரா நேரா சோலைக்குள்ள இறங்கிக்கிட்டு இருக்கும். ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டு "அதிர்ஷ்டம் இல்லண்ணா"ன்னு எழுந்து வருவாங்க.

வெயில் படுறதுக்கு முன்னாடி உக்கார்றதா இருந்தா, மடிப்போட கீழ்முனைப் பக்கம், பக்கவாட்டுல உக்காருங்க, மான் உங்களுக்கு மேல் பக்கமா இருக்கணும். வெயில் பட்டு ஒரு அரைமணி நேரம் காத்து எந்தப் பக்கமும் இல்லாம சுத்தும், அந்த நேரத்துல இடம் மாத்தாதீங்க, ஒண்ணும் பண்ணாதீங்க. அப்புறம் காத்து ஏற ஆரம்பிச்சதும் மேட்டுக்குப் போகலாம். கிழக்கு பாத்த சரிவுல வெயில் சீக்கிரம் படும், மேற்கு பாத்த சரிவுல இறங்கு காத்து இன்னும் ஒரு மணி நேரம் நிக்கும். அதனால காலைக்கு மேற்குச் சரிவு, நேரம் கூடுதலா கிடைக்கும். தென்மேற்குப் பருவத்துல, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும், பெருங்காத்து ஒரே பக்கமா அடிக்கும், அப்ப அதுக்கு எதிர்ல உக்காந்தா போதும்.

காத்து எப்படிப் பாக்குறது? அமெரிக்காக்காரங்க இதுக்குன்னு பவுடர் பாட்டில் விக்கிறாங்க. இங்க ரெண்டு விரல்ல ஒரு சிட்டிகை விபூதி போதும், இடுப்பு உயரத்துல விட்டுப் பாருங்க. இலவம்பஞ்சு இருந்தா இன்னும் நல்லது, ஒரு இழையைப் பிச்சு விட்டா இருபதடி தள்ளிப் போய் எங்க திரும்புதுன்னு வரைக்கும் காட்டிக் குடுத்துடும். என் பக்கத்துல ஆறு அடில கீழ போன பஞ்சு, பாறை பக்கத்துல போனதும் மேல ஏறி சோலைக்குத் திரும்புனதை நான் பாத்திருக்கேன். விபூதில அது தெரியாது. எனக்கு இதைக் கத்துக்குடுத்தது ஒரு எஸ்டேட் வாட்ச்மேன், அவரு பஞ்செல்லாம் பாக்க மாட்டாரு, பின்கழுத்தைத் தடவிப் பாத்துட்டு "காத்து ஏறிடுச்சுங்க சார், இனி கீழ உக்காந்து பிரயோஜனம் இல்ல, டீ குடிக்கப் போலாம்"பாரு. சரியாத்தான் இருக்கும்.

6. துணி, எண்ணெய், சோப்பு

மானுக்கு சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரியுற மாதிரி தெரியாது, ஆனா நீலம் நல்லாத் தெரியும். ஆரஞ்சு சட்டைய விட நீல ஜீன்ஸ்தான் ஆபத்து. வெள்ளைத்துணிக்கு நீலம் போட்டது, பளிச்சுன்னு ஆக்குற பவுடர்ல துவைச்சது, ரெண்டும் வேண்டாம். பழைய காக்கி, மங்கின பச்சை, பழுப்பு ஸ்வெட்டர், அவ்வளவுதான், ஆயிரக்கணக்குல குடுத்து இலை போட்ட சட்டை வாங்க வேண்டியதில்ல. மடிச்சா சரசரன்னு சத்தம் போடுற ரெயின்கோட்டை வீட்ல வெச்சுட்டு, கம்பளி மாதிரி சத்தமில்லாத துணியா போடுங்க.

தலைக்கு தேங்கா எண்ணெய், சென்ட், கொசுக்களிம்பு, பீடி, வாயில பாக்கு எதுவும் வேண்டாம். உண்ணிக்கும் அட்டைக்கும் மருந்து வேணுமேன்னு கேப்பீங்க, அட்டை சாக்ஸ் போடுங்க, பேன்ட்டை உள்ள சொருகுங்க, வீட்டுக்கு வந்ததும் குளிச்சுட்டு அக்குள், தொடை மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கான்னு பாத்துடுங்க. உண்ணிக்கடிக்கு அப்புறம் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட காட்டுக்குப் போனதைச் சொல்லுங்க.

7. உக்கார்றதும் கேமராவைத் தூக்குறதும்

தனியா போகாதீங்க. தோட்டத்துல காட்டுமாடு நிக்கும், கோத்தகிரி பக்கம் கரடி வரும், குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன்ல ஆனை வரும். தெரிஞ்ச உள்ளூர் ஆள் ஒருத்தரோட, முதுகுக்கு ஒரு பாறையோ மரமோ இருக்குற மாதிரி, தப்பிச்சுப் போக வழி இருக்குற மாதிரி உக்காருங்க. இருட்டுல நடந்து போய் உக்கார வேண்டாம், கண்ணுக்கு தடம் தெரியுற வெளிச்சம் வந்ததும் போங்க, அஞ்சு நிமிஷ மான் போனா போகுது.

முழு மானைத் தேடாதீங்க. தேயிலைக்கு மேல ஒரு காது ஆடும், இல்லன்னா நிக்கிற செடிகளுக்கு நடுவுல ஒரு படுத்த கோடு தெரியும், அது முதுகு. காதுக்கும் வேலை குடுங்க, மந்தி கக்கக்குன்னு கத்துனாலோ, கடமான் 'பாங்க்'னு ஒத்தைக் குரல் குடுத்தாலோ, அது உங்களைப் பாத்துக் கத்துதா, இல்ல வேற எதையாவதா? சிறுத்தையாவும் இருக்கலாம், அப்ப எழுந்து கிளம்புறதுதான் புத்தி. முதுமலைல மந்தி இருக்குற மரத்தடில புள்ளிமான் நிக்கும், மேல இருந்து விழுற இலையும் காயும் திங்க. வேன் டிரைவர்கிட்ட "மந்தி பக்கத்துல கொஞ்சம் மெதுவாண்ணா"ன்னு கேளுங்க, மத்தவங்க புலி புலின்னு கேக்குறப்ப உங்களுக்கு மான் கிடைச்சிடும்.

வில்காரங்களுக்கு வர்ற பெரிய பிரச்சனை, நாணை இழுக்குறப்ப மான் பாத்துடும். அதனால மானோட கண்ணு ஒரு மரத்துக்குப் பின்னாடி மறையுற அந்த ஒரு நொடில இழுப்பாங்க. நீங்களும் கேமராவை அப்பத்தான் தூக்கணும். தலை குனிஞ்சு மேயுதுன்னு நம்பித் தூக்காதீங்க, சந்தேகப்பட்ட மான் மேயுற மாதிரி குனிஞ்சு சட்டுன்னு நிமிரும். பாதி தூக்குனப்ப நிமிந்துட்டா, கை அந்தரத்துல அப்படியே நிக்கட்டும். வலிக்கும், வலிக்கட்டும். நல்லது என்னன்னா, ஒரு சின்ன துணிப்பைல அரைக்கிலோ அரிசி போட்டுத் தெச்சு முழங்கால்ல வெச்சு, அதுமேல கேமராவை ஏற்கனவே கண்ணு மட்டத்துல வெச்சுக்கிட்டே உக்கார்றது.

சத்தம் அடுத்தது. அம்பு செகண்டுக்கு 90 மீட்டர் போகும், நாண் சத்தம் 340 மீட்டர் போகும், முப்பது கஜத்துல சத்தம் கால் செகண்டு முன்னாடியே போய்ச் சேந்துடும், அதுக்குள்ள மான் குனிஞ்சு அம்பு மேல போயிடும்னு அங்க புலம்புவாங்க. நம்ம ஷட்டர் சத்தமும் அதேதான், முதல் கிளிக்லயே எல்லாம் முடிஞ்சுடும். மிரர்லெஸ் கேமரான்னா சைலண்ட்ல போடுங்க, பழைய டிஎஸ்எல்ஆர்னா தொடர்ச்சியா அடிக்காம ஒவ்வொண்ணா, பறவை கத்துறப்ப இல்ல காத்து அடிக்கிறப்ப. விடியக்காலை வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவு) 1600, 3200ன்னு கூட்டிப் போக வேண்டி வரும், படம் கொஞ்சம் சொரசொரப்பா வரும், பரவால்ல.

8. செலவு

தூரத்து மானை இழுத்துக் காட்டுற 150-600 எம்.எம். லென்ஸ் வாடகை கோயமுத்தூர்ல ஒரு நாளைக்கு ஆயிரத்துல இருந்து ஆயிரத்து ஐநூறு போல, டெபாசிட்டும் ஒரிஜினல் ஐடியும் கேப்பாங்க, எடுக்குறப்பவே கண்ணாடில பூஞ்சை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்து போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, இல்லன்னா அந்தப் பூஞ்சை உங்க தலைல விழும். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு, 42 எம்.எம். கண்ணாடி) போதும், புதுசு எட்டுல இருந்து பன்னெண்டாயிரம். ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா பைனாகுலர் வாங்குங்க, லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கலாம். அட்டை சாக்ஸ் முந்நூறு நானூறு. கூட வர்ற ஆளுக்கு ஒரு நாள் கூலிய முன்னாடியே பேசிக் குடுத்துடுங்க, மான் வந்தாலும் வராட்டியும் அதே கூலி, "மான் காட்டுனா ஐநூறு எக்ஸ்ட்ரா"ன்னு சொன்னீங்கன்னா அவரு எல்லைக் கல்லைத் தாண்டிக் கூட்டிட்டுப் போவாரு.

9. எந்த மாசம்

பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் முதுமலை காஞ்சு கெடக்கும், தண்ணிகிட்ட எல்லாம் கூடும், ஆனா காட்டுத்தீ பயத்துல சஃபாரியை மூடுற வருஷமும் உண்டு, கிளம்புறதுக்கு முதல் நாள் கூப்பிட்டுக் கேளுங்க. கோடை மழை விழுந்து புல் துளிர்க்குற மே, ஜூன்ல ஆண் புள்ளிமானுங்க கொம்போட நிக்கும், கூட்டமும் அப்பத்தான், இ-பாஸ் சண்டையும் அப்பத்தான். ஜூலை, ஆகஸ்ட்ல அவலாஞ்சி பக்கம் மழை கொட்டும், போகாதீங்க. டிசம்பர், ஜனவரி உறைபனில விடியக்காலை உக்கார்றது கொடுமை, ஆனா காத்து சீரா இருக்கும், கடமானுக்கு அதுதான் நேரம், பேட்டரியை மட்டும் சட்டைக்குள்ள வெச்சுக்குங்க. தேயிலை ஓரக் கேளையாட்டுக்கு அக்டோபர்ல மழை விட்டு வெயில் அடிக்கிற மறுநாள் காலை, வார நாளா பாத்து வாங்க. கொழுந்து பறிக்க ஆளுங்க ஃபீல்டுக்கு எட்டு மணி வாக்குல வந்துடுவாங்க, அன்னைக்கு எந்த ஃபீல்டுல பறிப்புன்னு முந்தின நாள் சாயங்காலமே தோட்டத்துல கணக்கு எழுதுற ரைட்டர்கிட்ட கேட்டுட்டு, அதுக்கு எதிர் மூலைல போய் உக்காருங்க.